எச்.இ.பி. இல்லாத ஊரில்

ஊரை விட்டுப் போனால் எதற்கு ஏங்குவீர்கள் என்று ஒரு டெக்சஸ்காரரைக் கேட்டுப் பாருங்கள். சொந்தபந்தம், கால்பந்து, நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். அந்த வரிசையில் ஒரு மளிகைக் கடையின் பெயரும் வந்துவிடும். எச்.இ.பி. நான் அங்கிருந்த காலத்தில் டெக்சஸ் எல்லையைத் தாண்டி அமெரிக்காவில் அதற்குக் கிளையே கிடையாது. தெற்கே மெக்சிகோவில் 1997 முதல் இருக்கிறது. பக்கத்து மாநிலமான ஒக்லஹோமாவில் இல்லை.

ஆஸ்டினில் நாங்கள் இருந்த காலம் முழுக்க அதுதான் எங்கள் கடை. என் மனைவிக்கு மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் வேலை கிடைத்து வடக்கே குடிபெயர்ந்தோம். எங்கள் வீட்டில் சாமான் வாங்குவதும் முக்கால்வாசிச் சமையலும் என் பொறுப்பு. வீடு, பள்ளி, மருத்துவர் எல்லாம் சில வாரங்களில் ஒழுங்குக்கு வந்துவிட்டன. கடைக்கு மட்டும் சில மாதங்கள் ஆயின.

அப்படி என்ன கடை அது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. கணவரின் காசநோய்க்கு மலைக்காற்று நல்லது என்று கெர்வில் என்ற சிற்றூருக்கு வந்த ஃப்ளோரன்ஸ் பட் என்ற பெண்மணி, 1905இல் 60 டாலர் முதலீட்டில் தொடங்கிய கடை. கீழே கடை, மேலே வீடு. கடைசி மகன் ஹோவர்ட் எட்வர்ட் பட் பெயரின் முதலெழுத்துகள்தாம் இன்றைய பெயர். 1971இல் பொறுப்புக்கு வந்த பேரன் சார்லஸ் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. பங்குச் சந்தைக்குப் போகாமல் இன்றும் குடும்பச் சொத்தாகவே இருக்கிறது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸே இருண்டு கிடந்தபோது, ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டரில் இருந்த கிளையில் மின்சாரம் போய்ப் பில் போட முடியாமல் ஆனது. வரிசையில் நின்றவர்களைப் பணம் வாங்காமலே சாமானோடு அனுப்பிவிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த சங்கதி இது. அந்த வாரத்தில் எங்கள் தெருவில் இதைப் பேசாதவர்கள் கிடையாது.

ஆனால் பாசம் இருக்கிறது என்பதற்காக ஏக்கத்தை மொத்தமாகச் சுமந்துகொண்டு திரிந்தால் ஒரு பயனும் இல்லை. நான் செய்தது, எதெல்லாம் இல்லாமல் தவிக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தது. குடிபெயர்கிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். எழுதிப் பார்த்தால் பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரியும். அந்த நிறுவனம் மட்டுமே தயாரிக்கும் பொருள்கள் ஒரு வகை. எந்தக் கடையும் விற்கக்கூடியவை, ஆனால் புது ஊரில் கண்ணில் படாதவை இன்னொரு வகை. மூன்றாவது வெறும் பழக்கம்: ரவை எந்த வரிசையில் இருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறையும், பில் போடும் அம்மா யாரிடம் எதைப் பேசுவார் என்பது போன்றவை. மூன்றாவதற்கு மருந்து கிடையாது, நாள்தான் வேண்டும். ஒரே கடைக்கு ஒரே கிழமையில் தொடர்ந்து போங்கள், அது தானாகவே வரும்.

முதல் வகையில் என் பட்டியலில் இருந்தவை குறைவு. கடைக்குள்ளேயே சுட்டுச் சூடாகப் பொட்டலம் கட்டும் வெண்ணெய் டார்ட்டியா, அவர்களுடைய காப்பித்தூள், ஒரு பச்சை சல்சா. இவற்றுக்கு மாற்று தேடி டாலரைக் கரைக்காதீர்கள். அதே சுவை வேறு பெயரில் கிடைக்காது. புது ஊரில் டார்ட்டியா வாங்குவதை நிறுத்திவிட்டு, கோதுமை மாவு பிசைந்து சப்பாத்தி போடத் தொடங்கினேன். ஆஸ்டினில் சோம்பலால் விட்டுப்போன வேலை அது. மகள் இரண்டு நாள் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

இரண்டாவது வகையில்தான் விஷயமே இருக்கிறது. அந்தத் தாளில் நான் எழுதியிருந்தவை இவை: சௌசௌ, பச்சை வாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு, முழுப் புளியம்பழம், கொய்யா, காரமான செரானோ மிளகாய், கட்டுக் கட்டாய்க் கொத்தமல்லி, ஃப்ரீசரில் வாழையிலை, கூம்பு வடிவில் வரும் பிலோன்சியோ என்ற வெல்லம். அமெரிக்க மளிகைச் சங்கிலி ஒன்றின் சாதாரணக் கிளையில், இந்தியக் கடைப் பக்கமே போகாமல், ஒரு தென்காசிக்காரன் தன் சமையலை ஏறக்குறைய நடத்திவிட முடிந்தது. அதெப்படி என்று அங்கே இருந்தவரை நான் யோசித்ததே இல்லை.

அந்தச் சரக்கெல்லாம் நமக்காக வந்ததில்லை. டெக்சஸில் மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதம் பேர் ஹிஸ்பானிய வம்சாவளியினர், அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வேர் உள்ளவர்கள். சௌசௌ அவர்கள் சூப்புக்கு, வாழையிலை தமாலே என்ற மாவுப் பண்டத்தைச் சுற்றுவதற்கு, புளி சர்பத்துக்கு. அடுப்படியில் கொமால் என்று ஒரு தட்டைக் கல் வைத்திருப்பார்கள், அது நம் தோசைக்கல்லேதான். கல்லில் குடைந்த உரலில் மிளகாயை நசுக்குவார்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது காய்கறிப் பகுதியில் வெர்தொலாகாஸ் என்று எழுதியிருந்த ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏலே, இது பருப்புக்கீரைலா! நம்ம வாய்க்கா வரப்புல சும்மா கெடக்குமே. இதுக்கா இம்புட்டு துட்டு குடுக்க?"

அன்றைக்குப் பருப்போடு சேர்த்து மசித்தோம். ஒரு கடையின் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்தக் கடையைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் அடுப்பு. எச்.இ.பி.யின் திறமை, அதை உன்னிப்பாகக் கவனித்ததில் இருந்தது. தெற்கு ஆஸ்டினில் ஒரு கிளையிலும் வடக்கே பணக்காரப் பகுதியில் இன்னொரு கிளையிலும் நுழைந்தால் வேறு வேறு கடை போலவே இருக்கும். 1994இல் ஆஸ்டினில் அவர்கள் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டிக்கே தனிப் பிரிவு உண்டு. மெக்சிகோக் குடும்பங்கள் நிறைந்த பேட்டையில் மிளகாய் வற்றலுக்கு. ஆக, நான் ஏங்கியதில் பாதி அந்தக் கடைக்கு, மீதி என் பழைய அக்கம்பக்கத்தாருக்கு.

இது பிடிபட்டதும் தேடும் முறையே மாறிவிட்டது. அதுவரை, 'எச்.இ.பி. மாதிரி இங்கே எது' என்று அலுவலக நண்பர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களும் பாவம், தங்களுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். மினசோட்டாவிலும் ஊர்ப் பெருமைக்குரிய கடைகள் உண்டு. 1968இல் ஸ்டில்வாட்டரில் தொடங்கிய கப் ஃபுட்ஸ் இருக்கிறது. தரையில் கம்பளம் விரித்துச் சரவிளக்கு தொங்கவிட்டதற்காகவே பேசப்பட்ட பயர்லீஸ், இப்போது லண்ட்ஸோடு சேர்ந்து லண்ட்ஸ் அண்ட் பயர்லீஸ் என்று நடக்கிறது. நல்ல கடைகள்தாம். பால், முட்டை, ரொட்டி, ஆப்பிள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். மினசோட்டாப் பல்கலைக்கழகம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் ஆப்பிளை அது பிறந்த ஊரிலேயே வாங்கித் தின்பது ஒரு சுகம். ஆனால் சௌசௌ கேட்டால் கடைப் பையன் திருதிருவென்று விழிக்கிறான்.

ஆகவே கேள்வியை மாற்றினேன்: இந்த ஊரில் யார் வீட்டு அடுப்படி நம் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது? மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் பாலில் அதற்கு விடை ஹ்மாங் மக்கள்.

லாவோஸ் மலைப்பகுதி மக்கள் இவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கா பக்கம் நின்று சண்டையிட்டு, 1975க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள். அமெரிக்காவில் ஹ்மாங் மக்கள் அதிகமாக வாழும் நகரப்பகுதி மினியாபொலிஸ்-செயின்ட் பால்தான். செயின்ட் பாலில் இரண்டு சந்தைகள் இருக்கின்றன: 2004இல் கோமோ அவென்யூவில் தொடங்கிய ஹ்மாங்டவுன் மார்க்கெட்பிளேஸ், 2010இல் கிழக்குப் பகுதியில் திறந்த ஹ்மாங் வில்லேஜ். வெளியே பார்த்தால் கிட்டங்கி. உள்ளே போனால் சின்னச் சின்னக் கடைகள், துணி, மருந்துவேர், இடித்த பப்பாளி, பொரித்த மீன் வாசம், நடக்க இடமில்லாத நெரிசல். பாகற்காய் மட்டுமில்லை, பாகற்கொடியின் நுனித்தளிரும் கட்டாக விற்கிறார்கள். பரங்கிக் கொடித் தளிர், முழ நீளக் காராமணி, பீர்க்கங்காய், வாழைப்பூ, நெல்லிக்காய் அளவுக்குக் கத்தரி, தண்டுக்கீரை. ஃப்ரீசரில் முருங்கைக்காய். ஆஸ்டினில்கூட இவ்வளவு ஒரே இடத்தில் கிடைத்ததில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா மறுபடி வந்தபோது ஒரு மூலையில் ஈரத் துணியில் வைத்திருந்த பச்சிலைக் கட்டுகளைக் காட்டி என்னவென்று கேட்கச் சொன்னாள். விற்ற பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பேத்தி சொன்னாள்: பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் கோழியும் சோறும் மட்டும்தான், அந்தக் கோழியில் போட்டுக் கொதிக்கவைக்கிற தழை இது. அம்மா பூண்டுக் குழம்பையும் பிரசவ லேகியத்தையும் விளக்க ஆரம்பித்துவிட்டாள். பேத்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் மொழிபெயர்த்தோம். பாட்டி கடைசியில் இன்னொரு கட்டை இலவசமாகத் திணித்து அனுப்பினார்.

இந்தச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. சில்லறை நோட்டாகப் பணம் கொண்டுபோங்கள், எல்லாக் கடையிலும் அட்டை செல்லாது. பொருளின் பெயர் தெரியாவிட்டால் கைபேசியில் படம் காட்டுங்கள். சனி, ஞாயிறு மதியம் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பேரம் பேசுவதைவிட, வாராவாரம் ஒரே கடையில் வாங்குவது மேல். இரண்டாம் மாதத்திலிருந்து நல்ல கட்டு தானாகவே நம் பக்கம் வரும். கோடையில் அதே குடும்பங்கள் விளைவித்ததை உழவர் சந்தைகளிலும் வாங்கலாம். செயின்ட் பால் உழவர் சந்தையில் ஹ்மாங் விவசாயிகள் இல்லாவிட்டால் பாதி மேடை காலியாகக் கிடக்கும்.

இன்னொரு அடுப்படி மினியாபொலிஸில் கிடைத்தது, சோமாலியரிடம். லேக் ஸ்ட்ரீட் பக்கமும் சீடர்-ரிவர்சைடிலும் அவர்கள் கடைகள். காலையில் அவர்கள் சாப்பிடும் அன்ஜீரோவுக்கு மாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்து, கல்லில் நடுவிலிருந்து வட்டமாக ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கிறார்கள். பார்த்தால் கல்தோசை என்றுதான் சொல்வீர்கள். கூடவே ஏலக்காய், பட்டை போட்ட டீ. எங்களுக்கு முக்கியமாக அங்கே வேண்டியது வெள்ளாட்டுக் கறி. எலும்போடு, குழம்புக்குத் தோதாகச் சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வெட்டித் தருவார்கள். பெரிய கடைகளில் இதைக் கேட்டுப் பாருங்கள், கறி வெட்டுகிறவருக்கே புரியவைக்க வேண்டியிருக்கும்.

இந்தியக் கடைகள் இல்லையா என்று கேட்கலாம். புறநகர்களில் நிறைய இருக்கின்றன. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், பெருங்காயம் இவற்றுக்கு வேறு வழியே கிடையாது. காய்கறிதான் சிக்கல். வெகுதூரத்திலிருந்து லாரியில் வந்து சேர்வதற்குள் வெண்டைக்காய் களைத்துவிடுகிறது. ஆகவே 'காய்கறி வண்டி என்றைக்கு வரும்' என்று கல்லாவில் இருப்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்று மாலை போனால் ஒரு கடை, நான்கு நாள் கழித்துப் போனால் வேறு கடை.

கறிவேப்பிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்டினில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டியில் ஒரு செடி வைத்திருந்தோம். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் திட்டம். ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். அந்தப் பூச்சி பரவிய டெக்சஸ் போன்ற மாநிலங்களிலிருந்து செடியை வெளியே கொண்டுபோகத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி கட்டுப்பாடு உண்டு. கிளம்புவதற்கு முன் விசாரித்ததில் தெரிந்தது. செடியை ஒரு மதுரைக்கார நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். டெக்சஸிலிருந்தோ ஃப்ளோரிடாவிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ குடிபெயர்கிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இப்போது கடையில் நல்ல இலை கிடைக்கும்போது நிறைய வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போட வேண்டும். வெளியே எடுத்து வைத்தால் கறுத்துவிடும்.

குளிர் இங்கே சாமான் வாங்குவதையே தலைகீழாக்கிவிடுகிறது. ஆஸ்டின் கோடையில் பால் கெடாமல் இருக்க வண்டியில் ஐஸ்பெட்டி வைத்திருப்போம். அதே பெட்டி மினசோட்டா ஜனவரியிலும் தேவைப்படுகிறது, கீரை உறையாமல் இருக்க. வெளியே சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி இருக்கும்போது வாழைப்பழத்தையும் கொத்தமல்லியையும் வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு இன்னொரு கடைக்குள் நுழைந்து வந்தால், திரும்பும்போது இலை கண்ணாடியாகியிருக்கும். வீட்டுக்குள் வந்ததும் கறுத்துத் துவண்டுவிடும். குளிர்காலத்தில் கீரை வாங்கும் கடையைக் கடைசியாக வைத்துக்கொண்டு நேரே வீடு திரும்புங்கள். முட்டையும் அப்படித்தான், உறைந்தால் ஓடு வெடித்துவிடும்.

இந்த ஊரின் கூட்டுறவுக் கடைகளையும் விட்டுவிடக் கூடாது. 1970களில் இளைஞர்கள் கூடித் தொடங்கிய பல கடைகளில் சில இன்றும் நடக்கின்றன. 1974இல் தொடங்கிய வெட்ஜ் அவற்றில் ஒன்று. பயறு, அரிசி, மசாலா எல்லாம் பெரிய தொட்டிகளில் இருக்கும். நாமே அள்ளி எடைபோட்டுக்கொள்ளலாம். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் ஐம்பது கிராம் சோம்பு மட்டும் வேண்டும் என்றால் அங்கே ஐம்பது கிராம் வாங்கலாம். உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் ஒரு பொருளைக் கேட்டு எழுதி வைத்தால் கவனிக்கிறார்கள். மஞ்சள் கிழங்கு பச்சையாக வேண்டும் என்று பொங்கலுக்கு முன்னால் கேட்டிருந்தேன், வரவழைத்தார்கள். இலையும் தண்டுமாக இல்லை, கிழங்கு மட்டும்தான். பானையில் கட்டுவதற்கு அது போதும்.

ஒரு கடையில் முடிந்த வேலைக்கு இப்போது நாலைந்து கடை சுற்ற வேண்டியிருக்கிறது என்பது உண்மை. நேரம் போகிறது, பெட்ரோல் போகிறது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் போனால் வெறுத்துவிடும். ஒரு வாரம் ஹ்மாங் சந்தை, அடுத்த வாரம் கறிக்கடையும் இந்தியக் கடையும், நடுவில் வீட்டுப் பக்கத்துக் கடையில் பால், பழம். அரிசி, பருப்பு மாதம் ஒரு தடவை. அப்படிப் பிரித்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. மேப்பிள் க்ரோவ் புறநகரிலுள்ள கோயிலுக்குப் போகிற நாளில் அந்தப் பக்கத்துக் கடை வேலையையும் சேர்த்து முடித்துக்கொள்கிறோம். இன்னொரு லாபம்: ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைத்தபோது தேவையில்லாமல் வண்டியில் விழுந்த சிப்ஸ், இனிப்பு, கூப்பனுக்காக வாங்கிய சாமான் எல்லாம் தானாகவே குறைந்துவிட்டன. ஒன்றை வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று எச்.இ.பி. தரும் காம்போ லோகோ கூப்பன்களுக்கு நான் அடிமையாகவே இருந்தேன்.

கடைசியாக, புது ஊருக்குப் போனால் அந்த மண்ணுக்கே உரிய ஒரு பொருளையாவது சமைக்கப் பழகுங்கள். மினசோட்டாவில் அது காட்டரிசி. ஒஜிப்வே மக்கள் மனோமின் என்கிறார்கள். 1977இலிருந்து மாநிலத்தின் அடையாளத் தானியம். ஏரியில் தானாக விளைவது. ஒருவர் படகைக் கழியால் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துப் படகுக்குள் தட்டி உதிர்ப்பார். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கறுகறுவென்ற ரகம் வயலில் பயிரிட்டது, வேக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். ஏரியில் கையால் உதிர்த்து விறகுத் தீயில் வறுத்தது இளம்பழுப்பாக இருக்கும், இருபது நிமிடத்தில் வெந்துவிடும். வாங்கும்போது பையில் கையறுவடை என்று போட்டிருக்கிறதா, ஒஜிப்வே நிலப்பகுதியிலிருந்து வந்ததா என்று பாருங்கள்.

அதை நெல்லரிசி போல நினைத்துச் சாம்பார் ஊற்றினால் ஒட்டாது. பாதிக்குப் பாதி பச்சரிசி கலந்து, மிளகு, சீரகம், நெய் போட்டுப் பொங்கலாகக் கிண்டினால் நன்றாக வருகிறது. அம்மாவுக்கு அதில் ஒரு வாசம் பிடித்துப்போனது. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இரண்டு பை வைத்துவிடச் சொன்னாள், தென்காசியில் சித்திக்குக் காட்ட வேண்டுமாம்.